ஒன்பதாவது கேள்வி

நான் கோபக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறைப்பட்டுக்கொள்ள வேண்டாம். இருபத்திரண்டு வருடம் உரிமம் வழங்கும் அலுவலகம் ஒன்றில் விண்ணப்பம் வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கையெழுத்து கட்டத்துக்கு வெளியே நீண்டால் திருப்பிக் கொடுப்பேன். எழுத்தால் எழுதச் சொன்ன இடத்தில் எண்ணால் எழுதினால் திருப்பிக் கொடுப்பேன். மூன்று தடவை திரும்பிப் போன ஓர் ஆள் நான்காவது தடவை வந்து, "நான் பொறந்ததே தப்புன்னு எழுதித் தர்றேம்மா, அதையாவது வாங்கிக்குவீங்களா?" என்று கேட்டார். வாங்கவில்லை. அதற்கு வேறு படிவம் என்றேன்.

அந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். எந்த அலுவலகமும் உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேள்வி கேட்பதில்லை. முடியாது என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும், அதற்காகக் கேட்கிறது. ஆகவே அவர்களுக்கு எந்தப் பதில் பிடிக்குமோ அதை எழுதிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். இதை நான் வேதவாக்காக வைத்திருந்தேன். அதனால் என்ன ஆனது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

என் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிரித்து ஆறு வருடம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி, காலை ஆறரை மணிக்கு டயாலிசிஸ். முதலில் எடை பார்க்கும் பலகையில் ஏற வேண்டும். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் இடையே ஏறிய எடை முழுவதும் உடம்பில் தங்கிய தண்ணீர். இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் சிஸ்டர் முறைப்பாள். பிறகு நாற்காலி. கையில் இரண்டு ஊசி, நான்கு மணி நேரம். ரத்தம் ஒரு குழாய் வழியாக வெளியே போய், இயந்திரத்துக்குள் சுற்றி, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வரும். ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. சத்தமில்லாமல் ஓடும் டி.வி. ஒன்று உண்டு. அதில் வாயசைப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஆறு வருடமாக எனக்குத் தெரியாது, தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

எங்கள் அறையில் பன்னிரண்டு நாற்காலி. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அந்தப் பன்னிரண்டு பேருக்கும் ஒரு படிவம் வரும். மனநிலையைப் பற்றியது. ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டம். முதல் கட்டம் 'இல்லவே இல்லை', அதற்கு மதிப்பெண் பூஜ்யம். கடைசிக் கட்டம் 'அநேகமாகத் தினமும்'. தூக்கம் வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, எதிலாவது பிடிப்பு இருக்கிறதா என்று ஆரம்பித்து, படிப்படியாக ஒன்பதாவதில் வந்து நிற்கும். உயிரோடு இருப்பதைவிட இல்லாமல் போனால் தேவலை என்று தோன்றியிருக்கிறதா?

இதைப் போய் யாராவது டிக் அடிப்பார்களா?

நான் சேர்ந்த முதல் வருடம், மூன்றாவது நாற்காலியில் இருந்த தையல்காரரை மாற்றுச் சிறுநீரகத்துக்கான லிஸ்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் அவர் இந்தப் படிவத்தில் எதையோ உண்மையாக எழுதியிருந்தார். எனக்கு அது போதும். அடுத்த டயாலிசிஸ் அன்றைக்கே அறை முழுவதும் அறிவித்துவிட்டேன்: "எல்லாத்துக்கும் முதல் கட்டம். கண்ண மூடிட்டுப் போடுங்க. மனசு சரியில்லன்னு எழுதினா லிஸ்ட்லேருந்து தூக்கிருவான்." எல்லோரும் தலையாட்டினார்கள். படிவ விஷயத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. இன்ஷூரன்ஸ் படிவம், பயணச் சலுகைப் படிவம், எல்லாவற்றையும் நிரப்பிக் கொடுப்பது நான்தான். எனக்குப் பட்டப்பெயரே 'ஃபாரம் அக்கா'. புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும் நர்ஸ் ஊசி போடுவதற்கு முன்பே நான் விதியைச் சொல்லிவிடுவேன்.

எனக்கு அடுத்த நாற்காலிக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்தவன் ஒரு பள்ளிக்கூட வேன் டிரைவர். முப்பத்தெட்டு வயது. எல்லோருக்கும் அவன் 'வேன்' என்றே ஆகிவிட்டான். பக்கத்து இயந்திரத்தின் அலாரம் கத்த ஆரம்பித்தால், "யாருப்பா அது, பின்கதவ மூடாம உக்காந்திருக்கிறது?" என்பான். எடை பார்க்கும்போது சட்டைப் பையிலிருந்து சாவி, சீப்பு, பேனா எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, "இப்ப பாருங்க சிஸ்டர், பூ மாதிரி இருப்பேன்" என்பான். சிஸ்டர்கூடச் சிரித்துவிடுவாள். ஆனால் வியாதிக்காரனை நம்பிக் குழந்தைகளை அனுப்ப முடியாது என்று பள்ளிக்கூடம் அவனை நிறுத்தியிருந்தது. அதையும் ஜோக்காகத்தான் சொன்னான்.

அவனுக்கு இடது கை நரம்பு சரிப்படாமல் வலது கையில்தான் ஊசி. அதனால் இயந்திரத்தில் இருக்கும்போது எழுத முடியாது. எனக்கு ஊசி இடது கையில், வலது கை சும்மாதான் இருக்கும். ஆகவே அவன் படிவத்தை நிரப்புவது என் பொறுப்பு. கடைசியாகப் படிவம் வந்தபோதும் அட்டையை என் மடியில் வாங்கி வைத்துக்கொண்டேன். மடமடவென்று எட்டு டிக் போட்டேன். அவன் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா."

"என்ன தம்பி?"

"ஒம்பதாவதுக்குக் கடைசிக் கட்டம் போட்டா என்ன பண்ணுவாங்க?"

"ஃபாரம் பாழாப்போகும். இங்க யாருக்கும் அப்படியெல்லாம் தோணுறதில்ல" என்றேன். முதல் கட்டத்தில் டிக் போட்டேன்.

"சரிக்கா. உங்களுக்குத் தெரியாததா" என்றான். பிறகு டி.வி.யைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவன் அரை மணி நேரம் முன்னதாகவே கழற்றச் சொல்லத் தொடங்கினான். கால் இழுக்கிறது என்பான், வீட்டில் வேலை என்பான். அதெல்லாம் சாக்கு என்று எனக்குத் தெரிந்தது. தெரியவில்லை என்று சொன்னால் பொய். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காதவள் என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை அவன் நாற்காலி காலி. சிஸ்டர் போன் செய்தாள். காய்ச்சல், நாளைக்கு வந்துவிடுகிறேன் என்றானாம். செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. புதன்கிழமை நான் போய் உட்கார்ந்தபோதும் அந்த நாற்காலியில் மடித்த போர்வை மடித்தபடியே இருந்தது. வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் செய்தவன், அன்றோடு ஐந்து நாள். எங்களுக்கெல்லாம் அந்தக் கணக்குத் தெரியும். பொட்டாசியம் ஏறிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் இதயம் பொட்டென்று நின்றுவிடும். பன்னிரண்டில் மீதி பதினொரு பேரும் அந்தப் போர்வையைப் பார்ப்பதும் திரும்பிக்கொள்வதுமாக இருந்தோம்.

எட்டரை மணிக்கு சிஸ்டர் மறுபடி போன் செய்தாள். அவன் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மனைவியின் எண்ணுக்கு அடித்தாள். அவள் எங்கோ ஒரு துணிக்கடைக் கிடங்கில் வேலை பார்ப்பவள், பின்னால் ஒரே இரைச்சல்.

"என்ன சொல்றீங்க? ஆறு மணிக்கே கிளம்பிட்டாரே! திங்கக்கிழமையும் வந்தாரே, சிஸ்டர்! வந்து களைப்பா இருக்குன்னு படுத்துட்டாரே!"

சிஸ்டர் ஏதோ சமாதானம் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அவனுடைய கோப்பை எடுத்துப் புரட்டினாள்.

"மனசுலயும் ஒண்ணும் இல்லையே. இப்பதான் மூணு வாரம் முன்னாடி எழுதியிருக்காரு, அத்தனையும் பூஜ்யம். நல்லாத்தானே இருந்திருக்காரு" என்றாள்.

எனக்கு லிஸ்ட் என்ற நினைப்புதான் முதலில் வந்தது, அதை மறைத்து என்ன பயன்? ஆறு வருடமாகக் காத்திருக்கிறேன், லிஸ்டில் என் பெயருக்கு முன்னால் ஏழு பேர்தான் பாக்கி. வாயைத் திறந்தால் எல்லாம் போச்சு. ஒரு நிமிடம் முழுசாக அதை யோசித்துவிட்டுத்தான் பேசினேன். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

"அத எழுதினது அவன் இல்ல சிஸ்டர். நான்."

"உங்களுக்குத்தான் கை சும்மா இருக்குமே, அது தெரியும்மா."

"கைய சொல்லல. பதிலே என்னோடது. ஒம்பதாவதுக்குக் கடைசிக் கட்டம் போடலாமான்னு கேட்டான். நான் போட விடல. எல்லாருக்கும் நான்தான் சொல்லி வெச்சிருக்கேன். ஒருத்தர் ஃபாரமும் நிஜம் கிடையாது. என்னோடதும்தான்."

முதல் நாற்காலியில் இருந்த பெரியவர், "ஆமா சிஸ்டர், அந்தம்மா சொல்லித்தான் போட்டோம்" என்றார். காட்டிக் கொடுப்பதில் மனிதர்களுக்கு இருக்கும் வேகமே தனி. ஆனால் அவர் அடுத்து, "எனக்கு ராத்திரியில தூக்கமே கெடையாது" என்று சேர்த்துக்கொண்டார். இரண்டு நாற்காலி தள்ளி ஒரு பெண் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

சிஸ்டர் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கத்தவில்லை.

"புதன்கிழமைதோறும் ஒரு கவுன்சலிங் அம்மா வந்துக்கிட்டு இருந்தாங்களே, ஞாபகம் இருக்கா? மூணு வருஷமா ஏன் வர்றதில்ல தெரியுமா? இந்த ஷிஃப்ட்ல எல்லாருக்கும் பூஜ்யம், இங்க தேவையில்லன்னு மேல முடிவு பண்ணி வேற இடத்துக்கு மாத்திட்டாங்க."

"லிஸ்ட்லேருந்து எடுத்துருவாங்கன்னு..."

"யார் சொன்னது?"

"தையல்காரர எடுத்தாங்களே."

"அவருக்கு ஹார்ட் தாங்காதுன்னு எடுத்தாங்கம்மா. ஃபாரத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

இருபத்திரண்டு வருட அனுபவம், வெங்காயம்.

"என்னக் கழட்டுங்க" என்றேன். "அவன் எங்க இருப்பான்னு எனக்குத் தெரியும்."

"ரெண்டு மணி நேரம் பாக்கி இருக்கு. எங்கன்னு சொல்லுங்க, ஆள் அனுப்புறேன்."

"ஆள் போனா நல்லாருக்கேன்னு சொல்லி அனுப்பிடுவான். நான்தான் அவனுக்குப் பதில் சொல்லணும், சிஸ்டர்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு டாக்டரிடம் போனில் பேசிவிட்டு இயந்திரத்தை நிறுத்தினாள். ரத்தம் முழுவதும் உடம்புக்குத் திரும்ப ஒரு கால் மணி நேரம், ஊசியைப் பிடுங்கிய இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடிக்க இன்னொரு பத்து நிமிடம். "நேரா இங்க கூட்டிட்டு வாங்க. ஒரு மெஷின் தயாரா வெச்சிருக்கேன். மயக்கமா இருந்தா உடனே போன் பண்ணுங்க, ஆம்புலன்ஸ் வரும்" என்றாள். அதற்குள் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். பேச்சு குறைவு. என்னைக் கொண்டுவந்து விடுவார், பதினொரு மணிக்குக் கூட்டிப்போக வருவார், அறைக்குள் மட்டும் வரமாட்டார். ரத்தம் குழாயில் ஓடுவதைப் பார்க்கத் தைரியம் கிடையாது. நான் தள்ளாடிக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்து, "என்ன ஆச்சு?" என்றார். "ஒண்ணும் ஆகல, வண்டிய எடுங்க" என்றேன். எடுத்தார்.

வேன்களை நிறுத்தி வைக்கும் ஷெட் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம். தன்னை ஒன்றும் கேட்காத ஒரே இடம் அதுதான் என்று அவன் ஒரு தடவை சொல்லியிருந்தான். காலை ஓட்டம் முடிந்து வேன்கள் வரிசையாக நின்றன. டிரைவர் ஒருவர் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேட்டதும் கடைசி வேனைக் காட்டினார். "சாயங்காலம் வரைக்கும் தூங்கறாப்புல. நாங்களும் எழுப்பறதில்ல" என்றார்.

கடைசி சீட்டில் ஜன்னலில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். முகம் உப்பியிருந்தது. செருப்புக்குள் கால் நுழையாமல் செருப்பைக் கீழே கழற்றிப் போட்டிருந்தான். மூச்சு ஒவ்வொன்றும் மேலே ஏறி நின்று இறங்கியது. ஆனாலும் என் வாயில் வந்தது திட்டுதான்.

"அறிவிருக்காடா உனக்கு?"

கண்ணைத் திறந்தான். "அக்கா... நீங்க மெஷின்ல... இல்லையா?"

"மெஷின்ல இருந்தா இங்க எப்படி நிப்பேன்? எந்திரி."

"வரணும்னுதான்கா கெளம்புறேன். முக்கு வரைக்கும்... வர்றேன். அங்கேருந்து காலு இந்தப் பக்கம்... திரும்பிடுது."

"வீட்ல பொய் சொல்லிட்டு வர மட்டும் தெரியுது."

"கொஞ்சம் பொறுங்க. இன்னும் ஒரு நாள்தான்... ஆகும்னு நெனைக்கிறேன்" என்றான். பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னான்.

நான் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கே தலை சுற்றியது.

"நீ அன்னைக்குக் கேட்டியே, அதுக்கு நான் சரியா பதில் சொல்லல."

"விடுங்கக்கா. அன்னைக்கு எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. பன்னெண்டு பேருக்கும் அதே ஊசி, அதே மெஷின். பதினொரு பேருக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு மட்டும்தான் இப்படின்னா... கோளாறு எங்கிட்டதான்."

"பதினொரு பேருக்கும் ஒண்ணும் இல்லன்னு உனக்கு யாரு சொன்னது?"

"நீங்கதான்."

அடி வாங்கினால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"நான் சொன்னது பொய்" என்றேன். "எனக்கும் கடைசிக் கட்டம்தான். காலையில கண்ணத் தொறந்ததும் மொதல்ல வர்ற நெனப்பே அதுதான். இன்னைக்குப் போகாம இருந்துட்டா என்ன, நாலு நாள்ல எல்லாம் முடிஞ்சிருமேன்னு. பல் தேய்க்கிறப்ப இருக்கும். செருப்பு மாட்டுறப்ப இருக்கும். படிக்கட்டு எறங்குறப்பவும் இருக்கும். உனக்கு முக்கு, எனக்குப் படிக்கட்டு. அவ்வளவுதான் வித்தியாசம்."

அவன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். "என்னக் கூட்டிட்டுப் போறதுக்காகச் சொல்றீங்க."

"நான் என்னைக்காவது யாரையாவது தாஜா பண்ணிப் பாத்திருக்கியா?"

யோசித்தான். "இல்ல" என்றான். பிறகு அவன் வாய் கோணியது. சிரிக்கிறான் என்று நினைத்தேன், அழுதான். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா" என்றான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊசி குத்தும் கை. தோலுக்கு அடியில் ரத்தம் ஓடும் அதிர்வு என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. "எந்திரிடா தம்பி" என்றேன். எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை.

அப்போதுதான் வேன் கதவருகில் ஆள் நிற்பதைக் கவனித்தேன். என் வீட்டுக்காரர், கையில் ஹெல்மெட்டோடு. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. ஹெல்மெட்டை ஒரு சீட்டில் வைத்துவிட்டு உள்ளே ஏறி வந்து, அவனுடைய அக்குளில் கை கொடுத்து நிமிர்த்தி உட்கார வைத்தார். ஸ்டூல்காரர் ஓடிவந்து அதே வேனைக் கிளப்பினார். வழி முழுவதும் அவன் சரிந்துவிடாமல் என் வீட்டுக்காரர் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

சிஸ்டர் வாசலிலேயே சக்கர நாற்காலியோடு நின்றாள். இதயத்துடிப்பைப் பார்க்கும் ஒயர்களை மார்பில் ஒட்டினார்கள், மருந்து ஏற்றினார்கள், பத்து நிமிடத்தில் இயந்திரத்தில் போட்டார்கள். அவன் மனைவி கிடங்கு அடையாள அட்டை கழுத்தில் தொங்க ஓடிவந்தாள். ஒரு மணி நேரம் கழித்து சிஸ்டர் வெளியே வந்து, "துடிப்பு சீராயிருச்சு. இன்னும் அரை நாள் போயிருந்தா நான் இப்படி வந்து பேசிட்டு இருக்க மாட்டேன்" என்றாள். "கவுன்சலிங் அம்மாவ வரச் சொல்லியிருக்கு. மொதல்ல அவரப் பாப்பாங்க, அடுத்தது நீங்க. ஓடிடாதீங்க." ஓடுகிற நிலையிலா இருந்தேன்?

வெளியே நீளமான இரும்பு பெஞ்சு. அதன் இந்த முனையில் நான், அந்த முனையில் என் வீட்டுக்காரர். எதிரே தண்ணீர்ப் பீப்பாயின் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து போய் அந்தக் குழாயை இறுக்கிவிட்டு வந்தார். திரும்பி வந்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எப்பலேருந்து?" என்றார்.

"எது?"

"வேன்ல சொன்னியே."

சும்மா அவனுக்காகச் சொன்னேன் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் தயாராக இருந்தது. "மூணு வருஷம் இருக்கும்" என்றேன்.

அவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்ப்ரஸர் மசி போகாத கைகள்.

"தெனமும் கத்திக்கிட்டே இருப்பியே" என்றார். "கத்துறா, அப்ப நல்லாத்தான் இருக்கான்னு நான் நிம்மதியா வேலைக்குப் போயிட்டு இருந்தேன்."

கவுன்சலிங் அம்மா கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டாள். நான் எழுந்தேன். அவரும் எழுந்தார். உள்ளே போக வேண்டுமானால் இயந்திரங்கள் இருக்கும் அறையைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று அவரிடம் சொன்னேன்.

"தெரியும்" என்றார். எனக்கு முன்னால் நடந்தார்.